டச்சுப் பெயருக்குள் ஒரு தஞ்சாவூர் வைத்தியர்

சில மாதங்களுக்கு முன் என் பேத்திக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்காக விண்ணப்பம் பூர்த்தி செய்ய உட்கார்ந்தோம். 'குடும்பப் பெயர்' என்ற இடம் வந்ததும் வேலை நின்றுவிட்டது. எனக்கு இனிஷியல் என் தகப்பனார் பெயர். மாப்பிள்ளைக்கு அவருடைய தகப்பனார் பெயர். பேத்திக்கு மாப்பிள்ளையின் பெயர். ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறோம். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர்! கடைசியில் மாப்பிள்ளையின் பெயரையே அந்த இடத்தில் எழுதினோம். இனி அவள் எந்த நாட்டுக்குப் போனாலும் தன் அப்பாவின் சொந்தப் பெயரால்தான் அழைக்கப்படுவாள்.

பணி ஓய்வு பெற்ற ரயில்வே இஞ்சினியர், ரயிலே ஓடாத ஒரு தீவில் வந்து குடியிருந்தால் பொழுது நிறையவே மிஞ்சும். பெயர்கள் எப்படிப் பரம்பரைப் பெயர்களாக மாறுகின்றன என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு குடும்பத்தின் கதை, கடல் கடந்து வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு மிக நெருக்கமானதாகத் தோன்றியது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

இனிஷியல் முறை நமக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களிடமும் இதே வழக்கம்தான் இருந்தது. 1640-களில் ஹாலந்திலிருந்து கப்பலேறி, இன்று நியூயார்க் எனப்படும் நியூ ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய ஒரு குடியானவரின் பெயர் கிளாஸ் மார்ட்டென்ஸன். 'மார்ட்டன் மகன் கிளாஸ்' என்பது அதன் பொருள். நாம் எழுதினால் 'மா. கிளாஸ்' என்று எழுதியிருப்போம். அதோடு 'வான் ரோசன்வெல்ட்' என்ற ஒட்டும் உண்டு. ரோஜா வயல் என்ற இடத்தைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். நம்மவர்கள் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் போட்டுக்கொள்வதைப் போன்றது. 1664-இல் அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆங்கிலேயர்களுக்கு மாறாத குடும்பப் பெயர் தேவை. கிளாஸின் மகன் நிக்கோலஸ் (பிறப்பு 1658) காலத்தில் அந்த ஊர் ஒட்டு 'ரூஸ்வெல்ட்' என்று உருமாறி நிலைத்துவிட்டது.

நிக்கோலஸின் இரு மகன்களிடமிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. யோஹானஸ் வழியில் வந்தவர் அமெரிக்காவின் 26-ஆவது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். யாக்கோபஸ் வழியில் வந்தவர் 32-ஆவது ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ஃபிராங்க்ளின் 1905-இல் மணந்த எலினோர், தியோடரின் தம்பி மகள். திருமணத்திற்கு முன்பும் அவர் ரூஸ்வெல்ட், பின்பும் ரூஸ்வெல்ட். நம் உறவுமுறைப்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன். தியோடரும் ஃபிராங்க்ளினும் பங்காளிகள், ஒரே தலைமுறை. அப்படியானால் எலினோருக்கு ஃபிராங்க்ளின் சித்தப்பா முறை! என் மனைவியிடம் சொன்னபோது, "நல்ல வேளை, அவர்கள் நம்மிடம் வந்து பொருத்தம் கேட்கவில்லை" என்றாள்.

நான் சொல்ல வந்தது ரூஸ்வெல்ட் கதையல்ல. அதே காலத்தில், அதே டச்சுக்காரர்களின் ஆட்சியில், நம் பக்கத்திலும் இப்படி ஒரு குடும்பம் தோன்றியது. அதன் மூதாதை ஒரு தமிழர்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. 1658-இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அதன் வசமாயின. கொழும்பில் அப்போது கவர்னர் அட்ரியான் வான் டெர் மெய்டன். தஞ்சையில் விஜயராகவ நாயக்கர் ஆட்சி. 1659-இல் கவர்னர் வீட்டில் ஒரு பெண்மணிக்கு நோய் வந்து, தஞ்சாவூர் அரண்மனை வைத்தியர் ஒருவரைக் கொழும்புக்கு வரவழைத்தார்கள் என்றும், அவர் நோயைக் குணப்படுத்தி அங்கேயே தங்கிவிட்டார் என்றும் அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் செய்தி கூறுகிறது. நோயாளி கவர்னரின் மனைவி என்பார்கள். மகள் என்பாரும் உண்டு. வைத்தியர் கிறிஸ்தவராகி மைக்கேல் யூரி என்ற பெயர் பெற்றார். குடும்பப் பெயர் ஒண்டாச்சி.

அவர் வழியில் வந்தவரே உலகப் புகழ்பெற்ற கனடா எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி. அவர் தன் குடும்பத்தைப் பற்றி 1982-இல் வெளியிட்ட புத்தகத்தில், மூதாதையர் வந்த ஆண்டு 1600 என்று எழுதியிருக்கிறார். இது பொருந்தாது. 1600-இல் கொழும்பில் டச்சுக் கவர்னரே இல்லை, போர்த்துக்கீசியர்தான் இருந்தார்கள். கதாசிரியருக்கு 59 வருஷம் பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். ரயில்வேயில் இருந்தவனுக்கு நேரம் தப்பினால் மனம் ஒப்பாது. 1659 என்பது எல்லா வகையிலும் பொருந்துகிறது. முந்திய ஆண்டுதான் நாகப்பட்டினம் டச்சுக்காரர் துறைமுகமாகியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்குக் கம்பெனிக் கப்பலிலேயே வர வழி திறந்திருந்தது.

பெயரின் எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். டச்சு மொழியில் ஒரு பொருளைச் சிறியதாக, செல்லமாகச் சொல்ல 'ச்ச' போல ஒலிக்கும் ஒரு விகுதியைச் சொல்லின் இறுதியில் சேர்ப்பார்கள். நம் வைத்தியர் பெயரின் கடைசி ஒலி தற்செயலாக அப்படியே அமைந்திருந்தது. டச்சு எழுத்தர்கள் தங்கள் விகுதியைப் போட்டே அதை எழுதினார்கள். தமிழ்ப் பெயர் காகிதத்தில் டச்சுப் பெயராகிவிட்டது. ஆங்கிலேயர் அதை ஆங்கில உச்சரிப்பில் படித்தார்கள். இன்று நம் பத்திரிகைகள் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து 'ஒண்டாட்ஜி' என்றும் 'ஒண்டாஜே' என்றும் எழுதுகின்றன. தஞ்சாவூரிலிருந்து புறப்பட்ட பெயர் இத்தனை ஸ்டேஷன் சுற்றி நம்மிடமே திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரியவில்லை.

இந்த வம்சத்தில் என்னை மிகவும் கவர்ந்தவர் எழுத்தாளர் அல்ல. பீட்டர் ஃபிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. 1758-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை வில்லம் யூரியான், ஹாலந்தில் படித்துவந்த பாதிரியார். தாய் ஹெர்மினா குவின்ட், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்தவர். மகன் தன் பெயரில் தாயின் குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டார். சிறு வயதில் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, யூட்ரெக்ட் நகரில் படித்தார். அங்கே 'தேசபக்தர்' கட்சியில் சேர்ந்து, இருபதுகளிலேயே அதன் தலைவர்களில் ஒருவரானார். நகரசபையை இளவரசர் நியமிக்கக் கூடாது, குடிமக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1786 ஆகஸ்டில் யூட்ரெக்டில் அது நடந்தேறியது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் பதவியேற்றதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். மக்கள் தங்கள் இறைமையை இவ்வளவு தெளிவாக நிலைநாட்டியதை எந்தச் சரித்திரத்திலும் கண்டதில்லை என்ற கருத்தில் அவர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது!

மறு ஆண்டே பிரஷ்யப் படை வந்து எல்லாவற்றையும் கலைத்தது. ஒண்டாச்சி பிரான்சுக்கு ஓடினார். 1795-க்குப் பிறகு திரும்பி வந்து பதவிகள் வகித்து, கடைசியில் நீதிபதியாக பட்டாவியாவுக்குச் சென்று 1818-இல் அங்கேயே காலமானார். பட்டாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. ஹாலந்து மக்களாட்சியின் முன்னோடிகளில் ஒருவரின் முப்பாட்டன் வழி தஞ்சாவூருக்குப் போகிறது என்பதை நம் பாடப்புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை.

பிற்காலத்தவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் சைமன் ஒண்டாச்சி ஆங்கில அரசின் தமிழ்த் திருச்சபைக் குருவாக இருந்தார். அவர் சகோதரர் வில்லியம் சார்லஸ் மருத்துவர், தாவர ஆராய்ச்சியாளர். 1933-இல் பிறந்த கிறிஸ்டோபர் ஒண்டாச்சி வணிகத்தில் பெரும் செல்வம் ஈட்டியவர். 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் கலந்துகொண்டவர். அவருடைய தம்பி மைக்கேல் 1992-இல் புக்கர் பரிசு பெற்றார். அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டு, தாயின் குடும்பப் பெயரில் இலங்கை எழுத்தாளர்களுக்காக 'கிரேஷன் பரிசு' ஏற்படுத்தினார்.

இதையெல்லாம் இன்று வரிசையாகச் சொல்ல முடிகிறதே, எப்படி? டச்சுக்காரர்களின் எழுத்து வேலைதான் காரணம். நிலத்திற்கு ஒரு தோம்பு, தலைக்கட்டுக்கு ஒரு தோம்பு, ஞானஸ்நானமும் திருமணமும் பதியப் பாடசாலைத் தோம்பு என்று வைத்திருந்தார்கள். கம்பெனியின் ஆவணங்கள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் ஒரு பகுதி உண்டு. யுனெஸ்கோ இவற்றை 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சு பறங்கியர் சங்கம் இந்த ஏடுகளைப் புரட்டிக் குடும்பக் குடும்பமாக வம்சாவளிகளைத் தன் இதழில் அச்சிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சங்கத்தின் விதி ஒன்று உண்டு: கம்பெனிக் காலத்து ஐரோப்பிய மூதாதையிடமிருந்து ஆண்வழியாகத் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். இதைக் கறாராகப் பிடித்தால் யூட்ரெக்ட் புரட்சிக்காரரே உறுப்பினராக முடியாது! அவருடைய ஐரோப்பிய ரத்தம் தாய் வழியில் வந்தது. ஆண்வழியைத் தொடர்ந்து போனால் தஞ்சாவூர் வந்துவிடும். மெயின் லைனை மட்டும் வரைந்து, கிளை லைன்களை விட்டுவிட்ட வரைபடம் போன்றது ஆண்வழி வம்சாவளி. வண்டி எங்கிருந்தெல்லாம் வந்தது என்று அதைப் பார்த்தால் தெரியாது.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்தியது. வைத்தியர் கப்பலேறிய அதே 1659-இல் தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் நாகப்பட்டினம் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கம்பெனி அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் ஏற்றியது. கொழும்பில் ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்று பெயரிட்ட பகுதியைத் தமிழர்கள் இன்றும் கொம்பனித் தெரு என்கிறார்கள். ஒரே கரை, ஒரே கம்பெனி, ஒரே காலம். ஒருவருடைய வம்சம் மூன்றரை நூற்றாண்டாக அச்சில் இருக்கிறது. மற்றவர்களுடைய சந்ததி யார் என்று சொல்ல ஆளில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டப்படி, அங்கே பிறந்தவரானாலும் தந்தை அங்கே பிறந்ததையோ, தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்ததையோ காட்ட வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத் தமிழர்களில் பலரிடம் அதற்குக் காகிதம் இருக்கவில்லை. பதிவு மூலம் குடியுரிமை தர 1949-இல் வந்த சட்டத்தின் கீழும் பெரும்பாலோரின் மனுக்கள் தள்ளப்பட்டன. நாடற்றவர்களான அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்டது. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்களே நம் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமி கச்சாலை எப்படி அழித்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களோடு, பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த காகிதங்களும் போயின.

போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீவிஜயபுரமாகியது. ஊரின் பெயர் மாறியது எந்த நாள் என்று அரசு ஆணையில் இருக்கும். நம் பெயர்கள் எப்படி மாறின என்று நாம்தான் எழுதி வைக்க வேண்டும். பாஸ்போர்ட் வேலை முடிந்த அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். பாட்டனார் பாட்டிமார் நால்வருக்கும் பெற்றோர் எட்டுப் பேர். எட்டுக் கட்டம் போட்டு எழுதப் பார்த்தேன். மூன்றுதான் நிரம்பின, மூன்றும் ஆண்கள். மறுநாள் ஊரிலிருக்கும் என் அத்தைக்குப் போன் செய்தேன். வயது தொண்ணூறை நெருங்குகிறது; காது சரியாகக் கேட்காது. மூன்று தடவை கத்திக் கேட்ட பிறகு, "எங்க அப்பாயி பேரா? காத்தாயி" என்றார். "எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்பறம் பேரை மாத்திக் கூப்பிட்டாங்க. முன்னால என்ன பேருன்னு அம்மாவுக்குத் தெரியும், அம்மாதான் போயிருச்சே" என்றார்.

நான்காவது கட்டத்தில் காத்தாயி என்று எழுதி, பக்கத்தில் 'புகுந்த வீட்டுப் பெயர்' என்று குறித்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அத்தையிடம் இன்னும் கேட்க வேண்டியது பாக்கியிருக்கிறது.