கணவருக்குச் சுன்னத், மனைவிக்குக் காவலா?

‘கணவருக்குச் சுன்னத் ஆகியிருந்தால் மனைவிக்குப் பால்வினை நோய் அண்டாதாமே?’ என்று கேட்பவர்கள் உண்டு. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் நடந்த மூன்று பெரிய சோதனைகளில், சுன்னத் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சுன்னத்தில் நீக்கப்படும் நுனித்தோலின் உட்புறத்தில் அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்கள் அதிகம் என்பது முக்கியக் காரணம். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் எச்.ஐ.வி. மலிந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது.

ஆனால் இவ்வளவும் ஆணுக்கான பலன். பெண்ணுக்கு? உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் அதையும் சோதித்தார்கள். ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்குச் சுன்னத் செய்து, அவர்களுடைய துணைவியரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் முடிவு வந்தது: பெண்களுக்குப் பலன் இல்லை. புண் ஆறுமுன் உறவு கொண்டவர்களின் துணைவியருக்கு ஆபத்து கூடியதாகவே தெரிந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் விஷயத்தில் கொஞ்சம் நல்ல சேதி. அதே ராக்காயில், இரண்டு ஆண்டு முடிவில், சுன்னத் ஆனவர்களின் துணைவியரில் 28 சதவீதத்தினரிடம் அந்த வைரஸ் இருந்தது. சுன்னத் ஆகாதவர்களின் துணைவியரில் 39 சதவீதம். குறைந்தது, ஒழியவில்லை.

சரி, ஆப்பிரிக்காவில் கண்டது ஐரோப்பாவுக்கும் பொருந்துமா? டென்மார்க்கில் ஆளுக்கொரு பத்து இலக்க எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. மருத்துவமனைக்குப் போனால் அந்த எண்ணில் பதிவாகிவிடும். அதை வைத்தே 1977 முதல் 2003 வரை பிறந்த, முஸ்லிம் அல்லாத எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளை அலசினார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, சிறுவயதில் சுன்னத் ஆனவர்களுக்கு எச்.ஐ.வி. குறையவில்லை. பாலுறுப்பு மருவும் சிபிலிஸும் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. சுன்னத்தான் அதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே ஆணைக் காத்ததாகவே தெரியாத ஒன்று அவருடைய துணைவியைக் காக்கும் என்று எப்படி நம்புவது?

டென்மார்க் அரசு பெண்களுக்காக நம்பியிருப்பது வேறு வழியை. 2009 முதல் சிறுமிகளுக்கும் 2019 முதல் சிறுவர்களுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இலவசம். 23 வயதிலிருந்து பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வரும்.

சுன்னத் அவரவர் மார்க்கத்தையும் மருத்துவத் தேவையையும் பொறுத்தது. பெண்ணின் பாதுகாப்பை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். ஆணுறை, மகளுக்குத் தடுப்பூசி, 30 வயதைத் தாண்டியதும் கருப்பைவாய்ப் பரிசோதனை: இந்த மூன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.