சர்ச்கேட் பெயருக்குப் பின்னால் ஒரு வசூல் கதை

அந்தேரியிலும் பாந்திராவிலும் மின்சார ரயில் ஏறி, சர்ச்கேட்டில் இறங்கி, ஆபீசுக்கு ஓடும் தமிழர்கள் எத்தனையோ பேர். சர்ச் எங்கே, கேட் எங்கே என்று நின்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் பொழுது ஏது? கேட் இப்போது இல்லை. பழைய கோட்டை மதிலின் மூன்று வாசல்களில் ஒன்றாக இருந்த அது, 1860களில் மதிலை இடித்தபோது போய்விட்டது. அது நின்ற இடத்தருகேதான் புளோரா நீரூற்று இருக்கிறது. சர்ச் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஹார்னிமன் வட்டத்தை ஒட்டியுள்ள புனித தோமையார் பேராலயமே அது. கட்டி முடிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆனது. அதற்குக் காரணம் கல்லோ சுண்ணாம்போ அல்ல, வசூலான பணம்.

1669 முதல் 1677 வரை பம்பாயை ஆண்ட கும்பெனி கவர்னர் ஜெரால்ட் ஆன்ஜியர்தான் இந்த வேலையைத் தொடங்கியவர். அதுவரை கோட்டைக்குள் ஓர் அறையில் நடந்த வழிபாட்டுக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று நன்கொடை திரட்டினார். சுவர் பதினைந்து அடி எழுந்தது. 1677ல் சூரத்தில் அவர் இறந்தார். சுவர் அதற்கு மேல் ஏறவில்லை.

பணம் என்ன ஆயிற்று? அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் 1727ல் வெளியிட்ட நூலில், 5,000 பவுனுக்கு மேல் சேர்ந்திருந்ததாகவும், பின்னால் அதிகாரத்துக்கு வந்த சர் ஜான் சைல்டு அதைத் தம் சொந்தத்துக்கு எடுத்துக்கொண்டதாகவும் எழுதினார். ஹாமில்டனுக்கும் சைல்டுக்கும் ஆகாது. எனவே அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் மொட்டைச் சுவர் வெயிலிலும் மழையிலும் நின்றதை ஊரே பார்த்தது. வசூல் செய்தவர் யோக்கியராக இருந்தால் மட்டும் போதாது. அவர் காலமான பிறகு பெட்டிச் சாவி யார் கையில், கணக்கு யார் பார்வையில் என்பதை அன்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. கோயில் கமிட்டியோ, சங்கமோ, சர்ச்சோ, பொதுப் பணத்தைக் கையாண்ட எவருக்கும் இது புரியும்.

பாதிரியார் போட்ட பிள்ளையார் சுழி

1714ல் ரிச்சர்ட் கோப் என்ற பாதிரியார் பம்பாய் வந்தார். மறு ஆண்டு ஒரு ஞாயிறன்று, பாதியில் நிற்கும் ஆலயத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். கவர்னர் எய்ஸ்லபியும் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு இருவருக்கும் நடந்த பேச்சைக் கோப்பே எழுதி வைத்திருக்கிறார். பாதிரியார் இன்று மிகவும் வேகமாகப் பேசினாரே என்று கவர்னர் சீண்ட, வேகத்துக்குக் காரணம் இருக்கிறது என்று இவர் பணிவாகச் சொல்ல, அப்படியானால் கட்டிவிடுவோம், ஒரு புத்தகம் போடுங்கள், முதல் பெயர் என்னுடையது என்றாராம் கவர்னர்.

நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தாராவியிலும் மாதுங்காவிலும் படியேறி இறங்கியவர்களுக்கு அந்த முதல் பெயரின் அருமை தெரியும். பெரிய கை ஒன்று முதல் வரியில் விழுந்துவிட்டால், அடுத்தவர் அதற்கு வெகுவாகக் குறைத்து எழுதக் கூசுவார். முதல் வரி காலியாக இருந்தால் புத்தகம் வீட்டுக்கு வீடு சும்மா போய் வரும். கோப் நல்ல பேச்சாளர்தான். ஆனால் பிரசங்கத்தை விட அந்தப் புத்தகமே அதிக வேலை செய்திருக்க வேண்டும். கும்பெனியும் தன் பங்குக்குக் கொடுத்தது. அடுத்து வந்த கவர்னர் சார்லஸ் பூன் ஊக்கம் குறையாமல் பார்த்துக்கொண்டார். 1718 கிறிஸ்துமஸ் தினத்தன்று ஆலயம் திறக்கப்பட்டது.

திறப்பு விழாவுக்கு ராமா காமத்தி என்ற செல்வந்தர் தம் சாதியாருடன் வந்து, வழிபாடு முடியும் வரை வெளியே நின்று பார்த்தார் என்றும் கோப் குறித்திருக்கிறார். வால்கேசுவர் கோயிலைப் புதுப்பித்தவர் என்று சொல்லப்படுபவரும் இவரே. இரண்டே ஆண்டில், கானோஜி ஆங்கிரேயுடன் ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்று அதே பூன் ஆட்சி அவரைச் சிறையிலிட்டு, சொத்தைப் பறித்தது. அவர் சிறையிலேயே மாண்டார். சான்றாகக் காட்டிய கடிதம் போலி என்று பிற்பாடு தெரிந்தது. விழாவுக்கு வந்த மரியாதை அவரைக் காப்பாற்றவில்லை.

1837ல் பம்பாய்க்குத் தனி பிஷப் வந்தபோது இது பேராலயமாயிற்று. அடுத்து கோபுரமும் ஏறியது. பழுது பார்ப்பதும் ஓயவில்லை. அண்மைக்காலப் புதுப்பிப்புக்காக 2004ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

கட்டடத்தோடு கோப் நிற்கவில்லை. அதே 1718ஐ ஒட்டி ஆலயத்தருகே ஏழைப் பையன்களுக்கு ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே வாத்தியார்; உணவும் உடையும் தங்க இடமும் சேர்த்து. இந்தத் தடவை பொறுப்பு ஒரு மனிதரின் ஆயுளோடு முடியவில்லை. 1815ல் ஏற்பட்ட பம்பாய்க் கல்விச் சங்கத்தின் கைக்குப் பள்ளி வந்தது. 1825ல் பைகுல்லாவுக்கு மாறியது. அதன் வழிவந்த பார்ன்ஸ் பள்ளி 1925 முதல் நாசிக் அருகே தேவ்லாலியில் நடந்து வருகிறது.