சம்மன் வந்தால் முதலில் போக வேண்டிய இடம்

அழகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் நிலத் தகராறு என்றால் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவுக்கு முன்னால் சத்தியத்துக்கு அழைப்பது வழக்கம். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எதிராளி கோர்ட்டுக்குப் போய்விட்ட பிறகும், "சாமி பார்த்துக்கும்" என்று சம்மனை ரேஷன் கார்டோடு சுருட்டி மஞ்சப்பைக்குள் வைத்துவிடுகிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாதங்கள் கழித்து, "எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சாம், இனி என்ன செய்ய?" என்று வந்து நிற்பார்கள். ஏன் முதலிலேயே வக்கீலைப் பார்க்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "காசு இல்லீங்க."

காசு இல்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைத்துத்தர 1987இலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்துவிட்டது. 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்ட விழிப்புணர்வு முகாம் என்று மண்டபத்தில் பேனர் கட்டி, படம் எடுத்து, டீ கொடுத்து அனுப்புவதோடு அதிகாரிகளின் கடமை முடிந்துவிடுகிறது. மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அங்கே யாரும் விளக்குவதில்லை.

சம்மனைக் கையில் வாங்கியதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், என்ன வழக்கு எண், எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும். சிவில் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளலாம். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். கருப்பரிடம் போங்கள், வாய்தாவுக்கும் போங்கள்.

இலவச வக்கீல் கேட்டு மனுக் கொடுக்க, மேலூர் வட்டத்துக்காரர்கள் மேலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். மற்றவர்கள் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். உங்கள் ஊர் எந்த வட்டம் என்று பட்டாவிலேயே அச்சிட்டிருக்கும். அதுவும் குழப்பமாக இருந்தால் நேராக மதுரைக்கே போய்விடுங்கள். வழக்கு ஒத்தக்கடை பக்கமுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் இருந்தால், அங்கே தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போன் செய்து விவரம் கேட்க 15100.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் தாசில்தார் ஆபீசில் வருமானச் சான்றுக்காக வாரக்கணக்கில் அலையத் தேவையில்லை. வருமானம் இவ்வளவு என்று நீங்கள் தரும் பிரமாண வாக்குமூலமே போதுமானது என்று ஏற்க சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. பெண்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: கணவருக்கு எவ்வளவு சொத்து இருந்தாலும் சரி, உங்களிடம் யாரும் வருமானச் சான்று கேட்கக் கூடாது.

மனுவை வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். பெயர், முகவரி, எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள், வழக்கு என்ன, அடுத்த வாய்தா என்றைக்கு என்று எழுதி, சம்மன், பட்டா, ஆதார் நகல்களை இணையுங்கள். அசல் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொண்டு கைரேகை வாங்க வேண்டும். அப்படி எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். 7 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று இலவச சட்ட உதவிக்கான 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. மறுத்தால் மாவட்ட ஆணைக்குழுவின் தலைவரான முதன்மை மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள், புரோக்கருக்கும் சரி, சொந்தக்காரருக்கும் சரி. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசம் பேசும்போது இரட்டிப்பு கவனம் வேண்டும். அங்கே எழுதப்படும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள்.

வக்கீல்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. வசதியற்றவர்களுக்கு இலவச உதவி செய்வது வழக்கறிஞரின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று பார் கவுன்சில் விதி 46 சொல்கிறது. மதுரையில் வக்கீல்களுக்குப் பஞ்சமா? ஆனாலும் இலவச வழக்கு என்றால் நேற்று வந்த ஜூனியரை அனுப்பிவிட்டு வாய்தா வாங்கும் பழக்கம் போகவில்லை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீலைத்தான் நியமிக்க வேண்டும் என்று 2019இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததே, இலவச உதவி பெயரளவில் நின்றுவிடக் கூடாது என்ற கவலையால்தான்.

கடைசிவரை நின்ற வக்கீலும் உண்டு. இதே மேலூர்ப் பக்கம் 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றவர் மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம். வழக்கு சேலத்துக்கு மாறியது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை முன்கூட்டியே விடுதலை செய்தபோதும் அதை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனார். எல்லோராலும் அந்த அளவு முடியாது. ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு வழக்கை, சொந்த வழக்கைப் போலக் கடைசிவரை நடத்தலாமே?

மூன்று ஆண்டு அனுபவமுள்ள வக்கீல்கள் மாவட்ட ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். பட்டியலுக்கு வெளியே இலவசமாக வாதாட முன்வருவோருக்கு மத்திய சட்ட அமைச்சகத்தின் நியாய பந்து திட்டத்தில் பதிவு வசதி இருக்கிறது.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. சட்ட உதவி மையத்தைக் கிராமத்திலேயே நடத்த 2011 முதல் விதி இருக்கிறது. அதற்கு ஓர் அறையும் மேசையும் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடுகிறதல்லவா? அடுத்த கூட்டத்தில், ஊராட்சி இடம் தரும், மாதம் ஒருமுறையாவது வக்கீலை அனுப்புங்கள் என்று தீர்மானம் போடுங்கள். அதன் நகலை மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.