கணினியும் நம் கையும்

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள், பேச்சுத் தொடங்கியவுடன் ஒரு காரியம் செய்திருப்பீர்கள். வானொலிப் பெட்டியின் ஒலியைச் சற்றுக் கூட்டியிருப்பீர்கள். அல்லது பக்கத்து அறையில் குழந்தை உறங்குவதை எண்ணிச் சற்றுக் குறைத்திருப்பீர்கள். அதற்காக எவரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்பது நம் செவி. ஆகவே அதற்கேற்ப ஒலியை அமைத்துக்கொள்கிறோம். வானொலியிடம் இவ்வளவு எளிதாகச் செலுத்தும் உரிமையை, மேசைமேல் இருக்கும் கணினியிடம் மட்டும் ஏனோ நாம் செலுத்துவதில்லை. கடையிலிருந்து வந்த வண்ணமே அதை வைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கியும் முதுகை வளைத்தும் அதற்கேற்ப நம்மை மாற்றிக்கொள்கிறோம். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று என்பதை என் குடும்பத்திலேயே கண்டேன்.

என் தாய்மாமன் மாயவரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 78. உழவர்களின் பேச்சில் வழங்கும் சொற்களைச் சுமார் 30 ஆண்டுகளாகத் திரட்டி நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார். நாற்றங்காலுக்கும் நடவுக்கும், மடைக்கும் வாய்க்காலுக்கும், அறுவடைக்கும் களத்துக்கும் உரிய சொற்கள் அவை. அவற்றைச் சொன்னவர்களுள் பலர் இன்று இல்லை. நோட்டுகளின் ஓரத்தைக் கறையான் தொடத் தொடங்கியதும், அவர் மகன் ஒரு மேசைக் கணினியை வாங்கித் தந்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடும்படி சொல்லிச் சென்றான். இரண்டு மாதம் கழித்து நான் அங்கே போனபோது, கணினியின்மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தப்பட்டிருந்தது.

“என்ன மாமா, எழுதவில்லையா?” என்று கேட்டேன்.

“எனக்குப் புத்தி மழுங்கிவிட்டதடா. இந்த வயதில் இனி இது ஆகாது” என்றார்.

நான் வேட்டியை எடுத்துவிட்டு, “எனக்காக ஒரு முறை எழுதிக் காட்டுங்கள்” என்று வேண்டினேன். அருகில் அமர்ந்து பார்த்தேன். எழுத்துச் சிறிதாக இருந்தமையால் மூக்குத் திரையில் படுமளவுக்குக் குனிந்தார். கோப்பைத் திறக்கச் சுட்டியின் பொத்தானை இரு முறை அழுத்தினார். விரல் மெதுவாக இயங்கியபடியால் கோப்பு திறக்கவில்லை. அதன் பெயரை மாற்றும் கட்டமே தோன்றியது. விசையின்மேல் விரல் சற்றுத் தங்கியதும் ஒரே எழுத்துப் பத்து முறை விழுந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவருக்கு இதைவிட வேறு சோதனை வேண்டுமோ? புத்தியில் ஒரு குறையும் இல்லை. கணினி வேறு ஒருவருடைய கண்ணுக்கும் கைக்கும் ஏற்ப அமைந்திருந்தது, அவ்வளவே.

யார் அந்த வேறு ஒருவர்? இங்கேதான் இயங்குதளம் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மற்ற மென்பொருள்களையும் ஒருங்கே ஆளும் அடிப்படை மென்பொருளுக்கே இயங்குதளம் என்று பெயர். அதை ஆக்குவோர், எழுத்தின் அளவு, விசையின் வேகம், திரையின் ஒளி முதலான ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஓர் அளவை முதலில் வைத்தே ஆகவேண்டும். பெரும்பாலார்க்குப் பொருந்தும் என்று அவர்கள் கருதும் அளவை வைக்கின்றனர். இதனை ‘இயல்பிருப்பு’ என்பர். தையற்கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டை போன்றது அது. கை நீளமாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்கிறோமே அன்றி, நம் கையைக் குறை கூறுவது இல்லை.

இதை ஆக்கியோரும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1984-ஆம் ஆண்டு வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில் ‘கன்ட்ரோல் பேனல்’ என்ற சிறு பலகம் ஒன்று இருந்தது. அதில் விசையின் வேகத்தைக் குறிக்க ஆமையும் முயலும் வரையப்பட்டிருந்தன; எழுத்தறியாத குழந்தையும் அதன் பொருளை உணரும். மறு ஆண்டு வெளிவந்த விண்டோஸின் முதற் பதிப்பிலும் இத்தகைய பலகம் இடம் பெற்றது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேஸ் மையத்தார், உடற்குறை உடையோருக்காகச் சில வசதிகளை ஆக்கினர். அவை விண்டோஸ் 95-இல் உடன் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான ‘ஸ்டிக்கி கீஸ்’ என்பதை இயக்கினால், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தலாம். ஒரே கையால் வேலை செய்பவருக்கு அது எத்துணைப் பெரிய உதவி!

மாமாவுக்குச் செய்தவற்றை இனி முறையாகச் சொல்கிறேன். விளக்கத்துக்கு விண்டோஸ் 11-இன் அளவுகளை எடுத்துக்கொள்கிறேன். பிற இயங்குதளங்களிலும் இத்தகைய வசதிகள் வேறு பெயர்களில் உள்ளன. விண்டோஸ் விசையையும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்து விசையையும் சேர்த்து அழுத்தினால் அமைப்புகளின் பக்கம் திறக்கும். அங்கே அணுகல் வசதிகள் என்ற பகுதியில் எழுத்தின் அளவை 100 விழுக்காட்டிலிருந்து 225 விழுக்காடு வரை பெருக்கலாம். சுட்டியின் அம்புக்குறியையும் பெரிதாக்கலாம். எழுத்தைப் பெருக்கியதும் மாமா தாமாகவே நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார்.

அடுத்தது இரட்டைச் சொடுக்கு. இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே அரை விநாடிக்கு மேற்படாமல் இருந்தால்தான் கணினி அவற்றை ஒரே கட்டளையாகக் கொள்ளும், இதுவே இயல்பிருப்பு. சுட்டிக்குரிய பகுதியில் இந்த இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். அவ்வாறே, விசையை எவ்வளவு நேரம் அழுத்திய பின் எழுத்து மீண்டும் விழத் தொடங்க வேண்டும் என்பதையும் நீட்டலாம்.

நான்காவதும் இன்றியமையாததும் தமிழ் விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையைத் தரப்படுத்தியது. 2019 முதல் அது விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். இதில் உயிரெழுத்துகள் யாவும் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மெய்யின்பின் உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கிறது. ஒரே மெய் இரு முறை வந்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழுகிறது. ‘அம்மா’ என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கே தட்டல்கள். இதைச் சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்தது. “இது நன்னூல் படித்தவன் செய்த வேலையாக அல்லவா இருக்கிறது!” என்றார்.

‘மாற்றப் போய் ஏதேனும் கெட்டுவிட்டால்?’ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய அளவை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் புழங்கிப் பார்த்து, பொருந்தாவிட்டால் திருப்பிவிடுங்கள். திரையின் நுணுக்க அளவை மாற்றினால், ‘இதை வைத்துக்கொள்ளலாமா?’ என்று கணினியே கேட்கும். 15 விநாடிக்குள் நாம் விடை தராவிட்டால், திரை தெரியாமற்போயிற்றோ என்று கருதிப் பழைய அளவுக்கே திரும்பிவிடும். நான் இங்கே கூறிய மாற்றங்களால் நீங்கள் எழுதி வைத்தவை அழிவதில்லை. கடவுச்சொல், பாதுகாப்பு ஆகியவற்றுக்குரிய பகுதிகளை மட்டும் தெரிந்தவர் துணையின்றித் தொடாதிருப்பது நல்லது.

மூன்று வாரம் கழித்து மாமாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அகர வரிசைச் சொற்கள் முழுவதையும் எழுதி முடித்து அனுப்பியிருந்தார். அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது கணினியின்மேல் வேட்டி இல்லை. திரையின் பின்புலம் வாழைக்குருத்தின் இளம்பச்சையாக மாறியிருந்தது. அதை மாற்றும் வழியை நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. “நீலம் கண்ணைக் கூசியது, தேடிப் பார்த்து நானே மாற்றினேன்” என்று சொல்லிவிட்டு, ஆகார வரிசையைத் தட்டத் தொடங்கினார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் துணி போர்த்திய கணினி இருக்கக்கூடும். ‘எனக்கு இது வராது’ என்று ஒதுங்கிய பெரியவர் ஒருவரும் இருக்கக்கூடும். அவருக்குப் பாடம் நடத்துமுன், அருகில் அமர்ந்து அவர் கண்ணையும் கையையும் கால் மணி நேரம் கவனியுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும்.