ஐந்து புள்ளி ஒன்று என்றால் என்ன?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனால், விற்பவர் ‘ஸ்டீரியோ’, ‘சரவுண்டு’, ‘5.1’, ‘5000 வாட்ஸ்’ என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். பெற்றோரும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். இச்சொற்களின் பொருளை அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், காதும் பிழைக்கும்.

முதலில் நம் காதுகளைக் கவனிப்போம். அரியலூர் ரயில் நிலையத்துப் பெஞ்சில் அமர்ந்து கண்களை மூடிக்கொள்ளுங்கள். (பெரம்பலூர் நகருக்கு ரயில் இல்லையாதலால், அவ்வூர்த் தோழியர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து லாரியின் ஓசையைக் கேட்கலாம்!) வண்டி எப்பக்கமிருந்து வந்து எப்பக்கம் போகிறது என்று தெரிந்துவிடுகிறதல்லவா? ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இடப்பக்கத்து ஒலி இடக்காதைத் தொட்ட பின்னரே வலக்காதை அடைகிறது. அந்த இடைவெளி வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் மூளை அதை உணர்ந்து திசையைச் சொல்லிவிடுகிறது.

ஒரே வழியாக வரும் ஒலி ‘மோனோ’. 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது நம் ஊர்களுக்கு எட்டியது இதுவே. இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலி கொடுப்பது ‘ஸ்டீரியோ’. ஆலன் புளூம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1931-லேயே இதற்குக் காப்புரிமை கோரியிருந்தார். தமிழில் 1978-இல் வெளிவந்த ‘பிரியா’ படப் பாடல்கள் இம்முறையில் பதிவானவை. ஸ்டீரியோவின் பயனை அடைய, இரண்டு ஸ்பீக்கர்களும் நாமும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கவேண்டும். பல வீடுகளில் இரண்டையும் பீரோவின் மேல் ஒட்டி வைத்துவிடுகிறார்கள். கொடுத்த பணத்தில் பாதி வீண்!

‘சரவுண்டு’ என்பது நம்மைச் சுற்றிலும் ஒலிப்பது. 5.1-இல் முன்னே இடம், வலம், நடு என மூன்று ஸ்பீக்கர்கள். பக்கங்களில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ‘புள்ளி ஒன்று’ என்பது இடி, முரசு போன்ற அடித்தொனிகளை மட்டும் எழுப்பும் ‘சப்வூஃபர்’. மிகத் தாழ்ந்த தொனியின் திசையைக் காது எளிதில் அறியாது. ஆகவே அதற்கு ஒன்றே போதும். 5.1.2 என்றிருந்தால் கடைசி எண் தலைக்கு மேலிருந்து ஒலிப்பவற்றைக் குறிக்கும். ‘அட்மாஸ்’ முறை அத்தகையது. 2012-இல் ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாணப் பதிப்பு அம்முறையில் வந்தது.

இனி வாட்ஸ். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்றிருக்கும். அதை அளப்பதற்குப் பொதுவான விதி ஏதுமில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நாம் கேட்கவேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ அளவு, அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன். பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டையும் படியுங்கள். உள்ளே இழுக்கும் மின்சாரம் 60 வாட்ஸ் என்றிருந்தால், 5000 வாட்ஸ் எங்கிருந்து தொடர்ந்து வெளிவரும்? 5000 வாட்ஸ் என்பது ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒருசேரப் போடுவதற்குச் சமம்! பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு உண்மையான 20 வாட்ஸே தாராளம்.

ஒலியின் உரப்பை ‘டெசிபல்’ கொண்டு அளக்கிறோம். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு திறன் வேண்டும். காதுக்கோ ஏறக்குறைய இரு மடங்காகவே கேட்கும். வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால், பெரியவர்களுக்கு 80, சிறுவர்களுக்கு 75 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வெறும் சிமெண்டுச் சுவர் ஒலியை எதிரடித்துச் சொற்களைக் குழப்பும். ஒரு கனத்த திரையும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போட்டால், விலையுயர்ந்த பெட்டி செய்யாததைச் செய்யும். தாத்தாவுக்குப் பிடித்த ‘ஹரிதாஸ்’ (1944) பாடல்களுக்காக மட்டும் 5.1 வாங்க நினைப்பவர் சற்றுப் பொறுக்கலாம். அவை மோனோப் பதிவுகள். ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கரில் அவை முழுமையாகக் கேட்கும்.