தெற்கே 355 கிலோமீட்டர்

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வானில் நேர்த்தூரம் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து காரில் திருச்சி போவதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனம் இந்தத் தடத்தில் ஏடிஆர் விமானத்தை இயக்கத் தொடங்கியது.

மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் முக்கால் மணி நேரம் போதுமே என்று தோன்றும். அட்டவணையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டும். பலாலி இருப்பது நேர் தெற்கே. மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை கிடப்பதோ கிட்டத்தட்ட கிழக்கு மேற்காக. எழும்பிய பிறகு திரும்பித்தான் ஆக வேண்டும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் பயண நேரத்தில் சேர்த்தி. தூரம் குறையக் குறைய இந்தப் பங்குதான் பெரிதாகத் தெரியும்.

தாம்பரத்துக்காரர்கள் குரோம்பேட்டை நெரிசலைத் தாண்டி விமான நிலையம் வந்து சேரும் நேரம், அது தனிக் கணக்கு!