டிங்கோவும் செந்நரியும்

காகத்தை ஏமாற்றி வடையைப் பறித்த நரியை அறியாத பிள்ளை நம் பாலர் வகுப்பில் இல்லை. தமிழர் நரி என்று வழங்குவது பெரும்பாலும் குள்ளநரியையே. அவுஸ்திரேலியாவில் வாழ்வதோ செந்நரி என்னும் வேறோர் இனமாகும். 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்கென ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட இவ்விலங்கு, இன்று சிட்னிப் புறநகர்களிலும் இரவில் உலாவுகின்றது.

இம்மண்ணில் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் டிங்கோ என்னும் காட்டுநாய், செந்நரியிலும் இருமடங்குக்கு மேல் எடையுள்ளது. இரண்டும் ஒரே நிலத்தில் வாழ்வது எவ்வாறு?

டிங்கோ, அகப்பட்ட நரியைக் கொன்றுவிடும். பல வேளைகளில் உண்பதுமில்லை. பசியன்று, போட்டியே காரணம். ஆகவே நரி டிங்கோவின் மோப்பமறிந்து விலகி நடக்கின்றது. டிங்கோ கங்காருவை வேட்டையாட, நரி எலி, பூச்சி, பழம் என்று கிடைப்பதைத் தின்று பிழைக்கின்றது. வட அமெரிக்காவில் ஓநாய்க்கும், அதனிற் சிறிய கயோட்டிக்கும் உள்ள உறவும் இத்தகையதே. 1995இல் யெலோஸ்டோன் பூங்காவில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டபின், சில பகுதிகளில் கயோட்டிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எனினும் அவை அழியவில்லை; ஓநாய் உண்டு எஞ்சிய இறைச்சி அவற்றுக்கும் உணவாயிற்று.

பெரிய விலங்கை அகற்றினால் என்னவாகும் என்பதைக் காண நாம் அமெரிக்கா செல்லவேண்டியதில்லை. ஆட்டு மந்தைகளைக் காக்க, குவீன்ஸ்லாந்திலிருந்து தென் அவுஸ்திரேலியக் கடற்கரைவரை ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பிவேலி நிற்கின்றது. ஹரிஸ் பார்க்கில் வாழும் நாமும் அவ்வேலிக்கு உட்புறத்தவரே! உட்புறத்தில் டிங்கோக்கள் பெரிதும் அழிக்கப்பட்டன. கிழக்கு மலைத்தொடர்க் காடுகள் போன்ற சில பகுதிகளில் எஞ்சியுள்ளன.

ஸ்ட்ரெலெக்கிப் பாலைவனத்தில் வேலியின் இருபுறத்தையும் மைக் லெட்னிக் முதலிய ஆய்வாளர் ஒப்பிட்டனர். டிங்கோ உள்ள புறத்தில் நரிகள் குறைவு. கங்காருவைப்போல் பின்னங்காலால் தாவும் சிற்றெலிகள் மிகுதி. டிங்கோ இல்லாத புறத்தில் நரியும் கங்காருவும் பெருகி, எலியும் புல்லும் அருகின. மழை, நஞ்சு வைத்தல் போன்றவையும் காரணமாகலாம் என மறுப்போர் உளர், அம்மறுப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று.

2015இல் ஆய்வாளர் சிலர், ஸ்டர்ட் தேசியப் பூங்காவில் வேலியை மாற்றியமைத்து, டிங்கோக்களை உள்ளே வரவிட்டுப் பரிசோதிக்கலாம் என முன்மொழிந்தனர். ஒரே இரவில் பல ஆடுகளைப் பறிகொடுக்கும் பண்ணையாளர் இதற்கு எளிதில் இணங்குவாரா?